பழுதைப் பார்த்தல்

தமிழில் 'பழுதுபார்த்தல்' என்றொரு சொல் உண்டு. நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சொல்லாதலால் அதனுள் புகுந்து நாம் நோக்குவதில்லை. உடைந்ததைச் செம்மை செய்வதற்குப் பழுது நீக்கல் என்றும் பெயருண்டு; ஆயினும் மக்கள் வழக்கில் நிலைத்து நிற்பது பழுது 'பார்த்தல்' என்பதே. மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். பாட்டி பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். தொழிலாளி வேலை பார்க்கிறான். கண்ணால் காண்பதையும் கருத்தோடு பேணுவதையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழியின் இயல்பு. பார்க்காமல் எதையும் செம்மை செய்ய இயலாது என்பது மட்டுமன்று, பார்க்காமலேயே ஒன்றைப் பழுதென்று தீர்ப்பிடுவதும் தகாது என்று இச்சொல் நமக்கு உணர்த்துகிறதன்றோ?

இக்கேள்வியை வானளாவிய தத்துவங்களில் தொடங்காமல் நம் வீட்டு முன்னறையின் மூலையில் தொடங்குவோம். அங்கே நிற்கும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டியையும், அதனுள் நைந்து கிடக்கும் 'வூஃபர்' எனப்படும் பெரிய ஸ்பீக்கரையும் சற்று நேரம் நம் ஆசிரியர்களாகக் கொள்வோம்.

மூலையில் நிற்கும் பெட்டிகள்

செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் ஆகியவை அரை நூற்றாண்டுக்கு முன் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்திலும் இரயில்வேயிலும் பணியாற்றியோர், 1984-இல் தாம்பரத்தில் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகமாகிய 'மெப்ஸ்' தொழிற்கூடங்களில் வேலை செய்தோர், தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர், வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் எனப் பலரும் இங்கே மனை வாங்கி வீடு கட்டினர். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கமும் அதன் பகுதியாயிற்று.

இப்பகுதி இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கின்றோம். திரு இருதயப் படத்திற்குக் கீழே, சுவரின் இரு மூலைகளிலும், இடுப்பளவு உயரமுள்ள இரண்டு மரப்பெட்டிகள் நிற்கும். ஒன்றின்மேல் பூச்சாடி, மற்றொன்றின்மேல் அன்னையின் சுரூபம். ஒரு காலத்தில் குடும்பத்தலைவர் முதல் போனஸ் பணத்தில் வாங்கியவை அவை. அல்லது துபாயிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் நின்று பாட்டுக் கேட்ட பெட்டிகள். "இப்போது பாடுமா?" என்று கேட்டால், "அது அவ்வளவுதான், ஃபாதர்" என்பதே விடை.

'அவ்வளவுதான்' என்னும் இச்சொல் ஒரு தீர்ப்பு. எந்தப் பகுதி கெட்டது, எந்தப் பகுதி நன்றாயிருக்கிறது என்று எவரும் திருகாணியைக் கழற்றிப் பார்த்ததில்லை. குரல் கரகரத்தது, ஆகவே முடிந்தது என்று முடிவு செய்தாயிற்று.

வளைந்துகொடுப்பது முதலில் அழிகிறது

வூஃபர் என்பது யாது? ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கர் கீச்சொலிகளை எழுப்பும். பெரியதாகிய வூஃபர் மந்தர ஒலிகளை எழுப்பும். மிருதங்கத்தின் தொப்பியும், தவிலின் முழக்கமும், ஆர்கனின் அடிநாதமும், ஆண்குரலின் கனமும் அதன் வழியே நமக்கு வந்து சேர்கின்றன. இன்றுள்ள ஒலிபெருக்கிகளின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925-இல் வகுத்தளித்தனர். நூறாண்டுகள் கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. பின்புறம் ஒரு வலிய காந்தம். அதன் நடுவே மெல்லிய வட்ட இடைவெளி. அவ்விடைவெளிக்குள் எதையும் தொடாமல் அந்தரத்தில் அசையும் கம்பிச் சுருள். சுருளோடு இணைந்த காகிதக் கூம்பு. மின்னோட்டம் சுருளில் பாயும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளும், கூம்பு காற்றைத் தள்ளும், அதுவே ஒலியாகிறது.

இந்தக் கூம்பு அந்தரத்தில் நிற்பது எப்படி? பின்புறத்தில் 'ஸ்பைடர்' என்று தொழிலாளர்கள் அழைக்கும் மடிப்புத் துணி ஒன்று அதைத் தாங்குகிறது. முன்புறத்தில், கூம்பின் விளிம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம் ஒன்று உண்டு. சிலவற்றில் அது துணியாலானது, சிலவற்றில் ரப்பராலானது, 1970-களுக்குப் பின் வந்த பலவற்றில் அது ஃபோம் எனப்படும் மென்பஞ்சாலானது. கூம்பைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், அதே வேளையில் அது விரும்பிய அளவுக்கு அசைய விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்னும் இருவேறு கடமைகள் அவ்வளையத்தின்மேல் சுமத்தப்பட்டுள்ளன.

முதலில் அழிவது இந்த வளையமே. பாலியூரிதேன் என்னும் பொருளாலான அந்த ஃபோமைக் காற்றின் ஈரமும் வெளிச்சமும் உயிர்வளியும் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. பத்து முதல் இருபது ஆண்டுகளில் அது பிசுபிசுத்துப் போகும். அல்லது விரல் பட்டாலே பழைய அப்பளம்போல் நொறுங்கும். கடற்காற்று வீசும் சென்னைப் புறநகரின் புழுக்கத்தில் இச்சிதைவு விரைந்தே நிகழ்கிறது. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மிகுதியாகப் பாடியதனால் மட்டும் அது கெடுவதில்லை. துணி போர்த்தி, ஒருநாளும் பாடவிடாமல் பத்திரப்படுத்திய பெட்டியிலும் ஃபோம் உதிர்ந்தே போகிறது. பயன்படுத்தாமல் வைத்திருப்பது பேணுதலாகாது.

மாறாக, காந்தம் அப்படியே இருக்கிறது. இப்பெட்டிகளில் பெரும்பாலும் உள்ள ஃபெரைட் காந்தம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் தன் வலிமையை இழப்பதில்லை. இரும்புச் சட்டமும் பெட்டியின் மரமும் பெரும்பாலும் உறுதியாகவே உள்ளன. கம்பிச் சுருளும் பலவேளைகளில் நலமாகவே இருக்கிறது. எடையிலும் விலையிலும் மிகச் சிறியதான, ஆயினும் இத்தனை ஆண்டுகளாக மற்ற எல்லாவற்றிற்காகவும் வளைந்துகொடுத்து வந்த ஓர் உறுப்பு மட்டுமே நைந்துபோயிருக்கிறது. அதன்பொருட்டு முழுமையையும் 'அவ்வளவுதான்' என்று தள்ளிவிடுகின்றோம்.

தீர்ப்புக்கு முன் விசாரணை

பழுதறிந்தவர் எவரும் முதலில் பசையை எடுப்பதில்லை, முதலில் பார்க்கிறார். அவருடைய விசாரணை முறை எளியது. வீட்டிலேயே எவரும் செய்யத்தக்கது.

பெட்டியின் முன்துணியை அகற்றி வளையத்தை நோக்கவேண்டும். கிழிசலும் உதிர்வும் கண்ணுக்கே தெரியும். பின் இரு கைகளின் விரல்களையும் கூம்பின்மேல் சமமாகப் பரப்பி, குழந்தையின் நெஞ்சைத் தொடுவதுபோல் மெல்ல அழுத்தி விடவேண்டும். ஓசையின்றி உள்ளே சென்று மீண்டால் சுருள் நேராக நிற்கிறது என்று பொருள். மணல் உரசுவதுபோல் 'கரகர'வென்றால் சுருள் காந்தத்தில் உராய்கிறது. அடுத்து மல்ட்டிமீட்டரால் மின்தடையை அளக்கவேண்டும். 8 ஓம் என்று முத்திரையிட்ட ஸ்பீக்கரில் ஏறத்தாழ 6 ஓம் காட்டினால் கம்பிச் சுருள் நலம். முள் அசையவே இல்லையெனில் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. கருவி இல்லாதவர் ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். 'டுப்' என்ற ஒலியோடு கூம்பு அசைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

இத்தனைக்கும் ஆகும் நேரம் கால் மணி. ஆனால் இந்தக் கால் மணிநேரம் நம் தீர்ப்பை முற்றிலும் மாற்றிவிடுகிறது. 'ஸ்பீக்கர் கெட்டுவிட்டது' என்ற பொதுவான கூற்று, 'இதன் ஓர வளையம் மட்டும் கெட்டுவிட்டது' என்ற குறிப்பான கூற்றாகிறது. குற்றத்தின் எல்லையை அறிவது குற்றமற்றதன் பரப்பையும் அறிவதாகும். நீதிமன்றத்திலும் ஒப்புரவுத் தொட்டியிலும் நாம் பின்பற்றும் நெறி இதுவே. முழு மனிதனும் தீயவன் என்று எவரும் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை. இன்ன செயல், இத்தனை முறை என்றே சொல்கிறோம். பழுதைப் பெயரிட்டுக் கூறுவதே குணமடைதலின் தொடக்கம்.

காலம் தாழ்த்துவதில் உள்ள ஆபத்தையும் இங்கேயே குறிப்பிடவேண்டும். வளையம் கிழிந்தபின்னும் உரத்த ஒலியில் பாடவிட்டால், பிடிமானமிழந்த கூம்பு கோணலாக அசைந்து கம்பிச் சுருளைக் காந்தத்தில் தேய்த்துவிடும். அப்போது சிறு பழுது பெரும் பழுதாகும். பார்க்கத் தவறுவது பழுதை அப்படியே நிறுத்திவைப்பதில்லை, அதை வளர்க்கிறது.

கோடித் துணியும் நைந்த ஆடையும்

இனி வேலை தொடங்குகிறது. உதிர்ந்த பழைய ஃபோமையும் காய்ந்த பழைய பசையையும் சுரண்டி எடுப்பதே இதில் பெரும்பகுதி. காகிதக் கூம்பு கிழிந்துவிடாமல், மழுங்கிய கத்தியாலும் சிறிது ஆல்கஹால் தோய்த்த துணியாலும், அங்குலம் அங்குலமாக அதைச் செய்யவேண்டும். புதிய வளையத்தை ஒட்டுவது சில நிமிட வேலை. பழையதன் எச்சத்தை அகற்றுவதற்கே ஒரு மாலைப்பொழுது ஆகிவிடும்.

புதிய வளையத்தைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் விற்போரிடம் சென்றால், அங்குலக் கணக்கைக் கேட்டு வளையங்களை எடுத்து வைப்பர். விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது, மென்மையும் பொருந்தவேண்டும். பழைய கூம்பும் பின்னாலுள்ள ஸ்பைடரும் எத்தகைய நெகிழ்வுக்குப் பழகியவையோ, அத்தகைய நெகிழ்வு புதிய வளையத்திற்கும் வேண்டும். தடித்த, விறைத்த வளையத்தை ஒட்டினால் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். ஆனால் கூம்பு அசைய மறுக்கும். மந்தர ஒலி மறைந்துவிடும். சிலவேளைகளில் புதிய விளிம்பின் விறைப்பே பழைய காகிதத்தைக் கிழித்துவிடும்.

பழைய ஆடையையும் புதிய ஒட்டையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. அதன் முதன்மைப் பொருள் இறையாட்சியின் புதுமையைப் பற்றியது. எனினும் அவ்வுவமைக்கு அடியில் ஏழை வீட்டுத் தையல் அறிவு ஒன்று கிடக்கிறது. நனையாத கோடித் துணியை நைந்த ஆடையில் ஒட்டுப்போட்டால், முதல் சலவையிலேயே கோடி சுருங்கி, பழையதை இழுத்துக் கிழித்துவிடும். ஒட்டுப்போட்டு உடுத்திய மக்களிடமே இவ்வுவமை எடுபடும். செம்மை செய்ய வருகிறவன், தான் செம்மை செய்யும் பொருளின் இயல்புக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கவேண்டும். தன் வலிமையை அதன்மேல் திணிக்கலாகாது. வூஃபரும் இதையே கற்பிக்கிறது.

அடுத்தது மையப்படுத்தல். நடுவிலுள்ள குமிழ் மூடியைக் கழற்றி, கம்பிச் சுருளுக்கும் காந்தத்தின் நடுத்தூணுக்கும் இடையே மெல்லிய பிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகுவர். ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்த இடைவெளி நாற்புறமும் சமமாக இருக்கும்போதுதான் வளையத்தின் வெளி விளிம்பைச் சட்டத்தில் ஒட்டவேண்டும். பின் ஒரு முழுநாள் அதைத் தொடாதிருக்கவேண்டும். இத்தொழிலில் மிகக் கடினமான பகுதி இந்தத் தொடாதிருத்தலே என்பர் அனுபவமுள்ளோர். ஒட்டியவுடன் பாடவைத்துப் பார்க்கத் துடிக்கும் அவசரம், முந்தைய நாள் உழைப்பு அனைத்தையும் கோணலாக்கிவிடும்.

அதே ஒலிபெருக்கிதானா?

இங்கே ஒரு பழைய தத்துவக் கேள்வி எழுகிறது. வளையத்தை மாற்றினோம். அடுத்த ஆண்டு கூம்பையும், அதற்கடுத்து கம்பிச் சுருளையும் மாற்றினால், எஞ்சி நிற்பது தந்தை வாங்கிய அதே ஒலிபெருக்கிதானா? ஏதென்ஸ் நகரத்தார் தெசேயுவின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பேணியதையும், அது அதே கப்பலா என்று தத்துவியலார் வாதிட்டதையும் புளூட்டார்க் குறித்துவைத்தார்.

நம் மனித உடலிலும் இக்கேள்வி உண்டு. புனித தோமா அக்குவினாஸ் உடலின் உயிர்ப்பைப் பற்றி வாதிடுகையில் இதனை எதிர்கொள்கிறார். உடலின் பருப்பொருள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. ஆயினும் மனிதன் ஒருவனே. எரியும் நெருப்பில் விறகுகள் தீர்ந்து புதிய விறகுகள் இடப்பட்டாலும் அது அதே நெருப்பாக நிலைப்பதுபோல, என்பது அவர் தரும் ஒப்புமை. பொருள் மாறினும் வடிவும் ஒழுங்கும் தொடர்கையில் ஒருமை தொடர்கிறது.

இவ்வுண்மையை அறிய நாம் ஏதென்ஸுக்கோ பாரிசுக்கோ செல்லவேண்டுவதில்லை, மிருதங்கம் போதும். அதன் உடல் பலா மரத்தாலானது. தலைமுறைகள் கடந்து நிற்கும். இருபுறத் தோல்களோ தேயும், தளரும், கிழியும். அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தொப்பியின்மேல் அப்பும் ரவைப் பசை ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிது. எனினும் 'என் குருநாதர் வாசித்த மிருதங்கம்' என்று வித்துவான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார், எவரும் மறுப்பதில்லை.

அத்தோலை மாற்றிய கைகள் எவருடையவை? இதைக் கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று கேட்கவேண்டும். இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூல், மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைத் திரட்டித் தந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். தஞ்சையின் செபாஸ்டியன் வழியினரும், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்துவும் அந்நூலில் நமக்கு அறிமுகமாகின்றனர். தோலைப் பதமறிந்து, நாதத்தைக் காதால் அளந்து, வித்துவானின் விரலுக்கேற்ப வாத்தியத்தை மீண்டும் மீண்டும் உயிர்ப்பித்த இவர்களின் பெயர்கள் மேடையில் ஒலித்தது மிகக் குறைவு. வாசித்தவரைக் கண்டோம், பழுதுபார்த்தவரைக் காணவில்லை. பார்வையின்மை பொருள்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மறுப்புகளும் அவற்றின் நியாயமும்

பழுதுபார்த்தலைப் புகழ்வோர் சில மறுப்புகளுக்கு நேர்மையாக விடையளிக்கவேண்டும்.

'இது கஞ்சத்தனம்' என்பது முதல் மறுப்பு. வளையத்தின் விலை சில நூறு ரூபாய். செலவிடும் பொழுதையும் கூட்டினால் புதியது வாங்குவதே இலாபம் என்பர். பணத்தை மட்டும் எண்ணினால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தூக்கியெறிந்த பொருள் எங்கோ சென்று விழுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் கால்பங்குக்கும் குறைவாகவே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. வீசியெறியும் பண்பாடு குப்பைக்கிடங்கில் தொடங்கினாலும் அங்கேயே முடிவதில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் எச்சரித்தார். கஞ்சன் தன் பணத்தைக் காக்கிறான். பழுதுபார்ப்பவன் பிறருடைய உழைப்பையும் மண்ணின் வளத்தையும் காக்கிறான். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் நோக்கத்தில் வேறு.

'இது வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை மிகுதி. பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் சந்தையில் பழைய ஸ்பீக்கர்களையும் மின்விசிறிகளையும் கைப்பேசிகளையும் தரையில் பரப்பி விற்போருக்குப் பழுதுபார்த்தல் அறப்பயிற்சி அன்று. அடுத்த வேளை உணவு. அங்கு வாங்குவோரும் புதியது வாங்க வழியின்றியே வருகின்றனர். ஆகவே ஓய்வுநாளில் ஒரு வூஃபரை ஒட்டிவிட்டுத் தம்மை எளிமையின் சீடராக எண்ணிக்கொள்வது நகைப்புக்குரியது. ஏழை காலங்காலமாகச் செய்துவரும் ஒன்றை, நாம் தாமதமாகக் கற்றுக்கொள்கிறோம், அவ்வளவே. நம் கைக்கு எட்டாத வேலையை ஒரு தொழிலாளியிடம் கொடுத்து, பேரம் பேசாமல் உரிய கூலி தருவதும் பழுதுபார்த்தலில் பங்கேற்பதே.

'எல்லாவற்றையும் பேணிக்கொண்டே இருக்க இயலுமா?' என்பது மூன்றாவது. இயலாது, வேண்டுவதுமில்லை. வெள்ளத்தில் நாட்கணக்கில் ஊறிய காகிதக் கூம்பு சிலவேளை மீளாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் கண்டவர்களுக்கு இது தெரியும். சுருள் எரிந்து, சட்டம் துருவேறி, உறுப்புக் கிடைக்காத நிலையில் அதைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவதே முறை. குழந்தைகளோடு செலவிடவேண்டிய மாலையைப் பெட்டியோடு செலவிடுவதும் அறமாகாது. நாம் வற்புறுத்துவது ஒன்றே: விடைகொடுப்பதாயினும் பார்த்துவிட்டு விடைகொடுப்போம்.

நான்காவது மறுப்பும் உண்டு: செம்மை செய்த குரல் எதற்குப் பயன்படும்? பழுதுநீங்கிய வூஃபரின் முழக்கம் பக்கத்து வீட்டு நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்குமாயின் நாம் நன்மை செய்தோமா? சென்னையில் ஒரு கிறித்தவ சபையின் ஒலிபெருக்கி குறித்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடவேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பதே 2000-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம். நம் ஆலயக் கோபுர ஒலிபெருக்கிகளுக்கும் இது பொருந்தும். மந்தர ஒலி சுவரைக் கடந்து வெகுதூரம் செல்லும் இயல்புடையது. குரலை மீட்டவருக்கு அதை அடக்கி ஆளும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

பேச்சிழந்தவர் முன்

பொருள்களைப் பற்றிய இந்தச் சிந்தனையை மனிதர்பால் திருப்பும்போது மிகுந்த கவனம் வேண்டும். மனிதர் இயந்திரமல்லர். எவருடைய உறுப்பையும் கழற்றி மாற்றி அவரை நம் விருப்பப்படி 'சரிசெய்யும்' உரிமை நமக்கில்லை. மனைவியைச் சரிசெய்ய முயலும் கணவனும், மகனைச் சரிசெய்ய முயலும் தந்தையும் விளைவிக்கும் துன்பத்தை அருட்பணியாளர் எவரும் அறிவர். ஆயின், பழுதுபார்த்தலின் முதற்பாதியாகிய 'பார்த்தல்' மனிதருக்கும் நாம் செலுத்தவேண்டிய கடனே.

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் இல்லங்களில் நாம் எதிர்கொள்ளும் ஒரு நிலையை இங்கே கூறலாம். பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர் படுத்திருப்பார். அவர் எதையோ சொல்ல முயல்வார். தெளிவற்ற ஒலி மட்டும் வரும். உறவினர் அவர் முன்னிலையிலேயே, "அவருக்கு ஒன்றும் புரியாது, ஃபாதர், அவர் அவ்வளவுதான்" என்பர். சொத்துப் பேச்சும், மருத்துவச் செலவுக் கணக்கும், அவரை எங்கே கொண்டு விடுவது என்ற ஆலோசனையும் அவர் கட்டிலருகிலேயே நடைபெறும்.

மருத்துவம் கூறுவது வேறு. பக்கவாதம் மூளையின் எப்பகுதியைத் தாக்கியது என்பதைப் பொறுத்தே இழப்பு அமைகிறது. நாவையும் உதடுகளையும் இயக்கும் தசைகள் மட்டும் தளர்ந்தவர்கள் உண்டு. அவர்களின் அறிவு முழுமையாகவே இருக்கும். சொல் எடுத்துக் கோக்கும் ஆற்றலை இழந்தும், பிறர் சொல்வதைப் பெரிதும் புரிந்துகொள்வோரும் உண்டு. புரிந்துகொள்ளும் ஆற்றலே குன்றியவர்களும் உண்டு. இம்மூவரும் வெளியே ஒன்றுபோலவே தோன்றலாம். பேச்சுப் பயிற்சியாளர் முதலில் செய்வதும் ஒருவகைப் பார்த்தலே: 'ஆம் என்றால் கண்ணை மூடுங்கள்' என்று கேட்கிறார், படங்களைக் காட்டித் தொடச் சொல்கிறார், எது போயிற்று, எது நிலைத்திருக்கிறது என்று பொறுமையாக வரையறுக்கிறார். அந்தச் சிறு விசாரணைக்குப் பின், ஒன்றும் அறியாதவர் என்று தள்ளப்பட்டவர், தம் கட்டிலருகே பேசியவை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என்று தெரியவரலாம். அந்த அறிதல் ஒரு குடும்பத்தை உலுக்கிவிடும், சிலவேளை மீட்டும்விடும்.

குரல் கெட்டால் உள்ளே எல்லாம் கெட்டது என்று கருதும் அவசரம், மரப்பெட்டியின்முன் ஒரு சிறு விரயம். மனிதர்முன் பெரும் அநீதி. இரண்டும் ஒரே பழக்கத்தின் கிளைகள் அல்லவா? பொருள்களைப் பார்க்காமல் தள்ளிப் பழகிய கண், மனிதரைப் பார்க்கும்போது திடீரென்று பொறுமை கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியுமா? நம் பழக்கங்களே நம் குணங்களாகின்றன என்று பழைய அறநூலார் கூறியது இதனாலேயே.

இரு சொற்கள்

நம் தெருக்களில் பழுதுபார்க்கும் கடைகள் அருகிவருகின்றன. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு நெறியாணையை நிறைவேற்றியது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் இதுபற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. உரிமையைச் சட்டம் தரலாம். பார்வையை நாமே பயிலவேண்டும். கழிவுநீர் புகுந்து சீர்கெட்ட நம் செம்பாக்கம் ஏரியை அண்மை ஆண்டுகளில் சீரமைக்க முனைந்தோரும், கழிவு எவ்வழியே உள்ளே வருகிறது என்று முதலில் பார்க்கவேண்டியிருந்தது. 'ஏரி அவ்வளவுதான், மனை போடலாம்' என்று முடிவுகட்டப்பட்ட எத்தனையோ நீர்நிலைகளுக்கு அந்தப் பார்வை வாய்க்கவில்லை.

எஞ்சியுள்ள கடைகளுக்கு ஒரு பழைய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு சென்றால், தொழிலாளி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம், வைத்துவிட்டுப் போங்கள்" என்பார். அது வெற்றுறுதி அன்று. கட்டாயம் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை. சரியாகாது என்றும் சொல்லவில்லை. திறந்து பார்க்கும்வரை தீர்ப்பை நிறுத்திவைக்கிறார். 'அவ்வளவுதான்' என்பதற்கும் 'பார்க்கலாம்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு திருப்புளியும் கால் மணிநேரமும் மட்டுமே. ஆயினும் நம்பிக்கை என்னும் நற்பண்பு நம் அன்றாட வாழ்வில் குடியிருப்பது அந்தச் சிறு இடைவெளியில்தான் என்று தோன்றுகிறது.

நம் வீட்டு மூலையில் நிற்பவற்றையும், உள்ளறையில் படுத்திருப்பவர்களையும் பற்றி எச்சொல்லைச் சொல்லப்போகிறோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும். எல்லாம் குணமாகும் என்று எவரும் வாக்களிக்க இயலாது. ஆனால் ஒருமுறையேனும் அருகே அமர்ந்து, எது நைந்தது, எது இன்னும் உறுதியாயிருக்கிறது என்று பார்க்க நம் அனைவராலும் இயலும். நம்மிடம் கேட்கப்படுவதும் அதுவே.